ஹார்லி-டேவிட்சன் ஸ்விட்ச்பேக்

ஹார்லி-டேவிட்சன் ஸ்விட்ச்பேக் என்பது 2012 மாடலாக அறிமுகமாகி 2016 மாடலோடு நிறுத்தப்பட்ட அமெரிக்கக் கனரக குரூஸர் மோட்டார் சைக்கிள். நிறுவனம் இதற்குக் கொடுத்த குறியீடு எஃப்எல்டி. முன்கண்ணாடியும் இரண்டு பக்கப்பெட்டிகளும் மாட்டியிருந்தால் இது நெடும்பயண வண்டி. அவற்றைக் கழற்றிவிட்டால் ஊருக்குள் ஓட்டும் கஸ்டம் வண்டி. ஸ்பேனர் வேண்டியதில்லை, பழகிய கைக்கு ஒன்றிரண்டு நிமிட வேலை. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுக்கு அமெரிக்கர்கள் சொல்லும் பெயர்தான் ஸ்விட்ச்பேக். ஒரு வடிவிலிருந்து இன்னொன்றுக்குப் போய் மறுபடி திரும்பும் வண்டிக்கு அது பொருத்தமாகவே வாய்த்தது.

இந்த வண்டியைப் புரிந்துகொள்ள அதன் மூன்று எழுத்துகளிலிருந்து தொடங்குவதே நல்லது. ஹார்லியில் எஃப்எல் என்றால் பெரிய எஞ்சினும் கனமான முன்பக்கமும் கொண்ட பயண வண்டிகளின் வரிசை. இதற்கு நேர் எதிரான வழக்கம் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்காவில் பரவியது. இளைஞர்கள் தங்கள் வண்டியின் முன் மட்கார்டைக் கழற்றி, பின் மட்கார்டை வெட்டிக் குட்டையாக்கி, தேவையில்லாத எடையையெல்லாம் உதறினார்கள். இப்படிப் பிறந்தவைதான் பாபர் வண்டிகள். சாப்பர்கள் அவற்றின் வழியில் வந்தவை. வீட்டு ஷெட்டுகளில் நடந்த இந்த வேலையைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்தவர் நிறுவனர்களில் ஒருவரின் பேரனான வில்லி ஜி. டேவிட்சன். 1971-இல் அவர் வடிவமைத்த சூப்பர் கிளைடில் எஃப்எல்லின் சட்டகமும் எஞ்சினும் இருந்தன. முன் ஃபோர்க் மட்டும் எக்ஸ்எல் எனப்படும் ஸ்போர்ட்ஸ்டர் வகையின் ஒல்லியான ஃபோர்க். இரண்டிலிருந்தும் ஓரெழுத்து எடுத்து எஃப்எக்ஸ் என்று பெயரிட்டார்கள். 1991-இல் தோன்றிய டைனா குடும்பம் இந்த வழியில் வந்தது. அதன் வண்டிகள் எல்லாமே எஃப்எக்ஸ்டி என்று தொடங்கின. ஸ்விட்ச்பேக்கில் மட்டும் அந்த எக்ஸ் நீங்கி எல் வந்து உட்கார்ந்தது: டைனா உடம்பு, எஃப்எல் முகம். ஹெட்லைட்டைச் சுற்றிய அகன்ற குரோம் உறையும் உருண்டு திரண்ட முன்பக்கமும் எஃப்எல் வரிசையின் ரோடு கிங் வண்டியை நினைவூட்டும்.

கழற்றி மாட்டும் யோசனை புதிதல்ல. 1989-இலேயே, டைனாவுக்கு முந்தைய எஃப்எக்ஸ்ஆர் வகையில் ‘கன்வெர்ட்டிபிள்’ என்ற பெயரில் ஒரு வண்டி வந்தது. 1994 முதல் 2000 வரை டைனாவிலும் ஒன்று இருந்தது. ஆனால் அவற்றில் தொங்கியவை மென்மையான பைகள். ஸ்விட்ச்பேக்கின் பெட்டிகள் கெட்டியானவை, பூட்டக்கூடியவை, வண்டியின் வண்ணத்திலேயே வந்தவை.

பைகளும் பெட்டிகளும் எந்த வண்டியிலும் மாட்டலாம். கழற்றிய பிறகு எஞ்சுவது எப்படி இருக்கிறது என்பதில்தான் ஸ்விட்ச்பேக்கின் சிறப்பு. சாதாரணமாகப் பெட்டி மாட்டும் வண்டியில் பெட்டியை எடுத்தபின் கம்பிச் சட்டம் ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். இங்கே பெட்டிகளைத் தாங்குபவை பின் மட்கார்டையும் ஷாக் அப்சார்பரையும் ஒட்டிய சில சிறு குமிழ்கள் மட்டுமே; தெரியாதவர் அவற்றை அலங்காரம் என்றே நினைப்பார். பெட்டியை விடுவிக்கும் பிடி பெட்டிக்கு உள்ளே இருக்கிறது. மூடியைப் பூட்டிவிட்டால் வெளியிலிருந்து யாரும் அதைத் தொட முடியாது. பூட்டைத் திறந்து, பிடியை விடுவித்து, ஒரு சூட்கேஸைத் தூக்குவதுபோலப் பெட்டியை அப்படியே ஓட்டல் அறைக்கு எடுத்துச் செல்லலாம். பூட்டு, கைப்பிடி, தாங்கு குமிழ் ஆகிய மூன்றையும் ஒருசேர யோசித்த இந்த வேலைப்பாடு அந்நாளைய ஹார்லி வடிவமைப்பாளர்களின் நல்ல பணிகளில் ஒன்று.

எஞ்சின் ட்வின் கேம் 103. கன அங்குலக் கணக்கு 103. சிசி கணக்கில் 1,690. 45 பாகைக் கோணத்தில் நிற்கும் இரண்டு சிலிண்டர்கள், ஆறு கியர்கள், பின்சக்கரத்துக்கு பெல்ட். ஹார்லியின் இந்த எஞ்சினில் இரண்டு கனெக்டிங் ராடுகளும் ஒரே கிராங்க் பின்னைப் பற்றியிருக்கின்றன. அதனால் இரு சிலிண்டர்களும் சம இடைவெளியில் எரிவதில்லை. ஒன்று எரிந்து கிராங்க் 315 பாகை சுழன்றதும் அடுத்தது. பிறகு 405 பாகை இடைவெளி. ஹார்லியின் நொண்டியடிக்கும் தாளம் இங்கிருந்துதான் வருகிறது. அதிர்வும் இங்கிருந்தே. ஹார்லியின் இன்னொரு குடும்பமான சாஃப்டெயிலில் இந்த அதிர்வை அடக்க எஞ்சினுக்குள்ளேயே சமநிலைத் தண்டுகள் வைத்தார்கள். டைனாவில் அவை இல்லை; முன்னும் பின்னுமாக இரண்டு ரப்பர் தாங்கிகளின் மேல் எஞ்சினை ஆடவிட்டார்கள். சிக்னலில் நிற்கும்போது கியர் போடாத ஸ்விட்ச்பேக்கைப் பார்த்தால் எஞ்சின் முன்னும் பின்னும் குலுங்குவது கண்ணுக்கே தெரியும். முன் மட்கார்டு நடுங்கும். பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் கார் கலங்கிய நீரில் தெரிவதுபோல் தெரியும். வேகம் பிடித்ததும் ரப்பர் அந்த நடுக்கத்தை விழுங்கிவிடுகிறது. நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஓட்ட வேண்டிய வண்டிக்கு இந்த ஏற்பாடு மிகவும் உதவியது.

ஓடத் தயாரான நிலையில் எடை ஏறத்தாழ 326 கிலோ. அதே காலத்து ரோடு கிங்கைவிட இது 40 கிலோ அளவுக்குக் குறைவு. பெட்ரோல் டேங்க் 17.8 லிட்டர், முன்சக்கரம் 18 அங்குலம், பின்சக்கரம் 17 அங்குலம். கார்ட்ரிட்ஜ் வகை முன் ஃபோர்க்கும் நைட்ரஜன் அடைத்த பின் ஷாக்குகளும் மற்ற டைனாக்களைவிட இதைத் திருப்பங்களில் நிதானமாக நிற்கச் செய்தன. குறையும் உண்டு. இத்தனை எடைக்கும் முன்சக்கரத்தில் ஒரே ஒரு டிஸ்க் பிரேக். இரண்டு பேரும் சாமான்களுமாக மலை இறங்குகிறவருக்கு அது போதாது. ஏபிஎஸ் கூடுதல் விலைக்குத்தான் கிடைத்தது. பெட்டிகளும் ஒடுக்கமானவை. வார இறுதிப் பயணத்துக்குச் சரி, இரண்டு வார யாத்திரைக்கு அல்ல. இரு வடிவங்களுக்கும் நடுவில் நிற்பதாகச் சொல்லப்பட்டாலும், இதன் மனம் கஸ்டம் பக்கமே சாய்ந்திருந்தது.

டைனா வண்டிகள் மிசோரி மாநிலத்தின் கன்சாஸ் சிட்டி ஆலையில் உருவாயின. 2018 மாடலுக்காக டைனா குடும்பத்தையே சாஃப்டெயிலோடு இணைத்தபோது ரப்பர் தாங்கி எஞ்சினும் வெளியே தெரியும் இரட்டை ஷாக்கும் அந்த வரிசையிலிருந்து மறைந்தன. ஆலையும் 2019-இல் மூடப்பட்டது. மாற்று வடிவ யோசனை மட்டும் புதிய சாஃப்டெயிலில் ஸ்போர்ட் கிளைடு என்ற பெயரில் தொடர்ந்தது. அதில் 1,746 சிசி மில்வாக்கி-எய்ட் எஞ்சின். உயரக் கண்ணாடிக்குப் பதில் ஒரு சிறு முகமூடி. அதையும் பெட்டிகளையும் கருவியின்றிக் கழற்றலாம்.

ஸ்விட்ச்பேக் இப்போது பழைய வண்டிச் சந்தையில்தான் கிடைக்கும். வாங்கப் போகிறவர் எஞ்சினைக் கேட்டுப் பார்ப்பதற்கு முன்பே, முன்கண்ணாடியும் இரண்டு பெட்டிகளும் அவற்றின் சாவியும் கூடவே வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். வந்தால் அவற்றைக் கழற்றி, தாங்கு குமிழ்களின் ரப்பர் வளையங்களை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். ரப்பர் தேய்ந்திருந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் பெட்டி கடகடக்கும்.