கணக்கீட்டு வரைபடம்

இயந்திரக் கற்றல் மாதிரி போடும் கணக்கைச் சிறு சிறு செயல்களாகப் பிரித்துக் கோத்துக் காட்டும் அமைப்பு கணக்கீட்டு வரைபடம். கூட்டல், பெருக்கல் போன்ற ஒவ்வொரு செயலும் ஒரு கணு. ஒன்றின் விடை அடுத்ததற்குப் போகும் வழி ஓர் அம்பு. எந்த அம்பும் புறப்பட்ட இடத்துக்கே சுற்றி வராது. பாடநூல்களில் வட்டங்களை அடுக்கிக் காட்டும் நரம்பு வலையமைப்புப் படத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது மாதிரியின் வடிவம். இது கணக்கு நடக்கும் வரிசை.

பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். காலைக் காற்றை வைத்து மாலைக் காற்றைக் கணிக்கும் மாதிரி ஒன்றை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். (மன்னார் வளைகுடாவின் காற்று ஒற்றைப் பெருக்கலுக்குள் அடங்காது என்பது வேறு விஷயம்.) காலை வேகம் 20. அதை எடை (பயிற்சியில் மாதிரி மாற்றிக்கொள்ளும் எண்) 2-ஆல் பெருக்கி 5-ஐக் கூட்டினால் கணிப்பு 45. மாலையில் வீசியதோ 50. கணிப்பிலிருந்து அதைக் கழித்தால் −5. அதன் வர்க்கமான 25-தான் பிழை. பெருக்கல், கூட்டல், கழித்தல், வர்க்கம் என நான்கு கணுக்கள்.

இந்தப் பிழையைக் குறைக்க எடையையும் கூட்டும் எண்ணையும் எப்படி மாற்றுவது என அறிய, இனி வந்த வழியே திரும்ப வேண்டும். வர்க்கக் கணுவில் வகைக்கெழு 2 × (−5), அதாவது −10. கழித்தலும் கூட்டலும் அதை மாற்றாமல் கடத்துகின்றன. கூட்டிய எண்ணுக்குரிய சரிவு (அந்த எண் சற்றே மாறினால் பிழை மாறும் வீதம்) அதுவே. பெருக்கல் கணு அதை 20-ஆல் பெருக்க, எடைக்குரிய சரிவு −200 ஆகிறது. சரிவுகளை 0.001-ஆல் பெருக்கிப் பழைய மதிப்புகளிலிருந்து கழித்தால் எடை 2.2, கூட்டும் எண் 5.01. புதிய கணிப்பு 49.01.

நுண்கணிதத்தின் சங்கிலி விதியைத் தவிர இதில் வேறு சூட்சுமம் இல்லை. எடைகள் இரண்டானாலும் கோடியானாலும் ஒரே பின்னோட்டத்தில் எல்லாச் சரிவுகளும் கிடைத்துவிடும் என்பதில்தான் இதன் பலம். ஆனால் 20 என்ற எண்ணை மறந்திருந்தால் −200 வந்திருக்காது. முன்னோட்டத்தின் இடை மதிப்புகளைச் சேமித்தே ஆக வேண்டும். பெரிய மாதிரிகளைப் பயிற்றும்போது நினைவகம் நிரம்பி வழிய இது முக்கியக் காரணம்.

பின்னோக்கு முறையைப் பின்லாந்தின் செப்போ லின்னைன்மா 1970-இல் தம் முதுநிலை ஆய்வேட்டில் விளக்கினார். ரூமெல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் மூவரின் 1986-ஆம் ஆண்டுக் கட்டுரை அதை நரம்பு வலையமைப்புகளில் பரவச் செய்தது. கூகுள் 2015-இல் வெளியிட்ட டென்சர்ஃப்ளோ என்ற இயந்திரக் கற்றல் மென்பொருள், வரைபடத்தை முழுதும் கட்டி முடித்த பிறகே எண்களை ஓடவிட்டது. இன்னொரு மென்பொருளான பைடார்ச் (வேலூர் விஐடியில் படித்த சௌமித் சிந்தாலா அதை உருவாக்கியவர்களில் ஒருவர்) கணக்கு நடக்க நடக்கக் கட்டுகிறது. தவறைத் தேடிப் பிடிக்க இரண்டாவது வழியே வசதி. 2019-இல் வந்த டென்சர்ஃப்ளோ 2.0-உம் அதற்கே மாறியது. பைடார்ச்சில் பின்னோட்டம் முடிந்ததும், தக்கவைக்கச் சொல்லியிருந்தாலொழிய, சேமித்த மதிப்புகள் அழிந்துவிடும். மேலே கண்ட வரைபடத்தில் மறுபடி பின்னோக்கிப் போக முயன்றால் பிழைச்செய்திதான் வரும்.