காலத்தின் திசை: விளக்கம் வேண்டுவது எது?

பாலில் ஊற்றிய டிகாஷன் தானாகப் பிரிந்து தனியே நிற்பதில்லை. ஊதுபத்தியின் புகை பத்தியின் நுனிக்குத் திரும்புவதில்லை. ஏன் என்று கேட்டால் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியைச் சொல்கிறோம்: தனித்து விடப்பட்ட அமைப்பில் ஒழுங்கின்மையின் அளவான என்ட்ரோபி குறையாது. இந்த விடை பாதி விடைதான் என்பதே இக்கட்டுரையின் வாதம். என்ட்ரோபி ஏன் கூடுகிறது என்பதைக் காட்டிலும், இறந்த காலத்தில் அது ஏன் அவ்வளவு குறைவாக இருந்தது என்பதே விளக்கம் வேண்டி நிற்கிறது. முதல் கேள்விக்கு விடை கண்டுவிட்டதாக நாம் நினைக்கும் இடங்களில், நிறுவ வேண்டிய திசை அனுமானமாக முன்பே உள்ளே நுழைந்திருக்கிறது.

1. நுழைந்த இடம்

லுட்விக் போல்ட்ஸ்மான் 1872-இல் வாயு மூலக்கூறுகளின் மோதல்களைக் கணக்கிட்டு, 'எச்' என்ற ஓர் அளவு குறையுமே தவிரக் கூடாது என்று காட்டினார். எச் குறைவதும் என்ட்ரோபி கூடுவதும் ஒன்றே. ஆனால் அந்த மோதல்களை ஆளும் நியூட்டனின் விதிகள் திசை அறியாதவை. ஒரு மோதலைப் படம்பிடித்துப் பின்னோக்கி ஓட்டினால், அதுவும் விதிக்கு உட்பட்ட மோதலாகவே இருக்கும். வியன்னாவில் அவருடைய சக அறிஞரான யோசஃப் லோஷ்மிட் 1876-இல் இதைப் பிடித்துக்கொண்டார். எல்லா மூலக்கூறுகளின் திசைவேகத்தையும் ஒரே கணத்தில் திருப்பிவிட்டால் வாயு வந்த வழியே போகும், எச் கூடும். அப்படியானால் இயக்க விதிகளிலிருந்து மட்டும் ஒருதிசைப் போக்கைப் பெற முடியாது.

அது வந்தது வேறிடத்திலிருந்து. மோதவிருக்கும் இரு மூலக்கூறுகளின் திசைவேகங்களுக்கு இடையே எந்தத் தொடர்பும் இல்லை என்று போல்ட்ஸ்மான் வைத்துக்கொண்டார். மோதிய பிறகு அத்தகைய தொடர்பு உண்டாகிவிடுகிறது. இந்த அனுமானத்தைத் தலைகீழாக்கி, மோதலுக்குப் பின்னர்தான் தொடர்பில்லை என்று வைத்தால், அதே கணக்கு எதிர்த்திசையைத் தரும். மெய்யியலாளர் ஹியூ பிரைஸ் 1996-இல் வெளியிட்ட நூலில் இதை இரட்டை அளவுகோல் என்று குறை கூறினார். அவர் சொல்வது சரியே. முன்பக்கத்துக்கு ஒரு நியாயமும் பின்பக்கத்துக்கு வேறு நியாயமும் வைத்தவருக்கு, முடிவிலும் திசை கிடைக்காமல் போகாது.

2. மறைந்திருக்கும் தொடர்புகள்

அந்தத் தொடர்புகள் ஏட்டளவில் மட்டும் உள்ளவை அல்ல என்பதை எர்வின் ஹான் 1950-இல் வெளியிட்ட 'சுழற்சி எதிரொலி' ஆய்வு காட்டியது. வலிய காந்தப் புலத்தில் ஒரு மாதிரிப் பொருளை வைத்து ரேடியோ அலைத் துடிப்பு ஒன்றைச் செலுத்தினால், அதன் அணுக்கருக்களின் காந்த அச்சுகள் ஒரே சீராகச் சுழன்று சைகை தரும். புலம் இடத்துக்கு இடம் சற்றே மாறுவதால் சில வேகமாகவும் சில மெதுவாகவும் சுழலும். சீர் குலைந்து சைகை மங்கி மறையும். கருவியைப் பார்ப்பவர் ஒழுங்கு அழிந்தது என்றே சொல்வார். சிறிது நேரம் கழித்து இரண்டாவது துடிப்பைச் செலுத்தினால், அதே அளவு நேரம் கடந்ததும் சைகை மீண்டும் எழுகிறது. இன்று எம்.ஆர்.ஐ. படங்களில் இந்த உத்தி அன்றாடம் பயன்படுகிறது.

குலைந்ததாகத் தோன்றிய நிலை தன் கடந்த காலத்தைத் துல்லியமாகச் சுமந்துகொண்டிருந்தது. கடந்த கால நிகழ்வுகளின் இத்தகைய தடத்தை எங்கும் காண்கிறோம். வருங்கால நிகழ்வுகளின் தடத்தைக் காண்பதில்லை. இது உலகைப் பற்றிய ஒரு செய்தி. நிகழ்தகவுக் கணிதம் இதைத் தருவதில்லை.

3. நிகழ்தகவு சொல்வதும் சொல்லாததும்

பால் எரன்ஃபெஸ்ட்டும் தத்தியானா எரன்ஃபெஸ்ட்டும் 1907-இல் அமைத்த எளிய மாதிரியை எடுத்துக்கொள்வோம். இரு பெட்டிகளில் மொத்தம் 100 பந்துகள். ஒவ்வொரு முறையும் ஒரு பந்தைக் குருட்டாம்போக்கில் தேர்ந்து மற்றப் பெட்டிக்கு மாற்றுகிறோம். இப்போது இடப்பெட்டியில் 80 பந்துகள் உள்ளன. அடுத்த முறை அது 79 ஆகும் வாய்ப்பு 80 விழுக்காடு. நெடுங்காலமாகச் சமநிலையில் ஓடிவரும் அமைப்பு இது என்றால், முந்தைய முறை என்ன இருந்திருக்கும்? கணக்கு தரும் விடை: 79 ஆக இருந்திருக்கும் வாய்ப்பும் அதே 80 விழுக்காடு. நிகழ்தகவு இரு பக்கமும் சமநிலையை நோக்கியே கை காட்டுகிறது.

போல்ட்ஸ்மான் 1890-களிலேயே இத்தகைய முடிவை ஏற்று, நாம் காணும் உலகம் பெரும் சமநிலைக்குள் தற்செயலாக எழுந்த ஓர் ஏற்ற இறக்கமாக இருக்கலாம் என்று எழுதினார். ஆனால் இதை ஏற்றால் நம் நினைவுகளையும் ஆவணங்களையும் நம்ப முடியாது. ஒரு நூலகம் உண்மையான வரலாற்றின் விளைவாக உருவாவதைவிட, அப்படியே தற்செயலாகத் திரள்வது சிறிய ஏற்ற இறக்கம்; எனவே அதற்கே வாய்ப்பு அதிகம். அப்போது இயற்பியலுக்குச் சான்றான பதிவுகளும் செல்லாதவையாகிவிடும். ஆகவேதான் மெய்யியலாளர் தேவிட் ஆல்பர்ட் போன்றோர், அண்டத்தின் தொடக்க நிலை மிகக் குறைந்த என்ட்ரோபி உடையது என்பதைத் தனி அடிப்படையாகவே ஏற்கிறார்கள். அண்டத்தின் தொடக்க காலத்திலிருந்து வரும், 1965-இல் அறிவிக்கப்பட்ட அண்டப் பின்புலக் கதிர்வீச்சு இதற்கு இசைகிறது: அது திசைக்குத் திசை ஏறத்தாழ 1,00,000-இல் ஒரு பங்கே வேறுபடுகிறது. ஈர்ப்பையும் கணக்கில் கொண்டால், பொருள் இவ்வளவு சீராகப் பரவிக் கிடப்பது குறைந்த என்ட்ரோபி நிலை; திரண்டு விண்மீன்களும் கருந்துளைகளும் ஆவதே அது கூடும் வழி.

4. ஒரு மறுப்பு

அடிப்படை விதிகளிலேயே திசை உண்டு என்று சிலர் மறுக்கலாம். நடுநிலைக் கேயான்கள் என்னும் துகள்களின் மாற்றத்தில் காலச் சமச்சீர் மீறப்படுவதை செர்ன் ஆய்வுக்கூடம் 1998-இல் நேரடியாக அளந்தது உண்மையே. ஆனால் அந்த மீறல் மிகச் சிறியது. புகை பரவுவதிலோ டிகாஷன் கலப்பதிலோ அதற்குப் பங்கில்லை. அன்றாடத் திசைக்கு அது காரணமாகாது.

5. முடிவு

போல்ட்ஸ்மான் தாமே ஓர் ஒப்புமை தந்தார். பூமியில் நிற்பவர் புவிமையம் இருக்கும் பக்கத்தைக் 'கீழ்' என்கிறார். வெளியில் தன்னளவில் மேல் கீழ் இல்லை. அதுபோல, என்ட்ரோபி குறைந்த பக்கத்தை இறந்த காலம் என்கிறோம். 'காலம் ஓடுகிறது' என்று பேச்சில் சொல்வதில் குற்றமில்லை. ஆனால் அந்த ஓட்டத்தைக் காரணமாகக் காட்டினால் எதுவும் விளங்காது. என்ன வேகத்தில் என்று கேட்டால், நொடிக்கு ஒரு நொடி என்பதற்கு மேல் விடை வராது.

தொடக்க நிலையை விதியாகவே ஏற்பதா, அதற்கும் காரணம் தேடுவதா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. எந்த விளக்கம் வந்தாலும் அதனிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அண்டத்தின் ஒரு முனைக்குச் சொல்லும் காரணம் மறுமுனைக்கு ஏன் பொருந்தாது? தொடக்கத்தின் சீர்மைக்கு, அண்டம் முதலில் மிக வேகமாக விரிந்தது என்னும் அண்டப் பெருவீக்கக் கொள்கையைக் காரணமாகக் காட்டுவோரும் இதற்கு விடை சொல்லியாக வேண்டும். சொல்லாதவரை அவர்கள் காலத்தின் திசையை விளக்கவில்லை; அது உண்டு என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.