தலையைக் குனிங்க சாமி!

பழனி மலை. காலை ஏழரை மணி. தரிசனம் திருப்தியாக முடிந்துவிட்டது. விஞ்ச், ரோப் கார் எல்லாம் இருந்தும், 'படியிலேயே இறங்கிடலாமே' என்று ஒரு வீம்பு. கிட்டத்தட்ட எழுநூறு படி. ஏறும்போது மூச்சு வாங்கியதே தவிர, வேறு தொந்தரவில்லை. இறங்கும்போதுதான் வந்தது வினை.

படியைப் பார்க்கக் கண்ணைத் தாழ்த்தினேன். படியைக் காணோம்! அது இருந்த இடத்தில் கலங்கிய குளம் மாதிரி ஏதோ ஒன்று அலைகிறது. படி இருக்கிறதென்று நம்பி வைத்த கால் அந்தரத்தில் போய், அடுத்த படியில் தொப்பென்று விழுந்தது. கைப்பிடிக் கம்பி மட்டும் இல்லாதிருந்தால், இந்த வாரம் இந்தப் பக்கத்தை வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள்.

குற்றவாளி என் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருந்தது. நாலு நாள் முன்பு வாங்கிய வேரிஃபோகல் கண்ணாடி. கடைகளில் 'புரோகிரஸிவ்' என்பார்களே, அதேதான். மேலே தூரப் பார்வை, நடுவே கம்ப்யூட்டர் தூரம், கீழே படிப்பதற்கு. எல்லாம் ஒரே கண்ணாடிக்குள், நடுவில் கோடு இல்லாமல். "ரெண்டு வாரத்துல பழகிடும் சார்" என்று சொன்ன கடைக்காரர், படிக்கட்டைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை.

பின்னால் இறங்கிவந்த பச்சை வேட்டிப் பெரியவர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். அவர் மூக்கிலும் கனமான கண்ணாடி. "கண்ணத் தாழ்த்தாதீங்க சாமி. தலையக் குனிங்க!" என்று சொல்லிவிட்டு, விறுவிறுவென்று இறங்கிப் போயே விட்டார்.

அந்த ஒரு வரிக்குள் எழுநூறு வருஷ சரித்திரம் இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

நாற்பதைத் தாண்டினால் பேப்பரைக் கை நீட்டிப் படிக்கிறோமே, அதற்கு நம் பாட்டிமார் வைத்த பெயர் வெள்ளெழுத்து. இன்னொரு பெயர் சாளேஸ்வரம். ஏதோ சிவன் கோயில் மாதிரி இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். 'சாலீஸ்' என்றால் உருது, இந்தியில் நாற்பது. தெலுங்கில் இதே கோளாறுக்கு 'சத்வாரம்' என்று பெயர். அதற்குள்ளும் சம்ஸ்கிருத நாற்பதுதான் ஒளிந்திருக்கிறது. வயசையே நோய்க்குப் பெயராக வைத்துவிட்டார்கள்!

விஷயம் எளிது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் சின்ன வயதில் மெத்தென்று இருக்கும். கிட்டத்தில் பார்க்கும்போது உள்ளே இருக்கும் குட்டித் தசை சுருங்க, லென்ஸ் உப்பிக்கொடுக்கும். வயது ஏற ஏற லென்ஸ் கெட்டியாகிறது. தசை என்ன முயன்றாலும் உப்ப மறுக்கிறது. ஆக, கண் செய்த வேலையைக் கண்ணாடி செய்யவேண்டிய கட்டாயம்.

அந்தக் கண்ணாடி எப்போது வந்தது? 1306-ல் இத்தாலியில் ஜியோர்தானோ என்ற பாதிரியார் ஒரு பிரசங்கத்தில், கண்ணாடி செய்யும் கலை கண்டுபிடிக்கப்பட்டு இன்னும் இருபது வருஷம்கூட ஆகவில்லை என்று சிலாகித்திருக்கிறார். நம் பக்கம் வந்தால், விஜயநகரத்தில் கிருஷ்ணதேவராயர் காலத்தில் வாழ்ந்த மத்வ குரு வியாசராயர், கண்ணாடி போட்டுக்கொண்டு சுவடி படித்ததாக அவருடைய வாழ்க்கை வரலாற்று நூல் சொல்கிறது. போர்ச்சுக்கீசியர்கள் கோவாவில் காலூன்றிய நேரம் அது. அவர்கள் வழியாக வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் யூகம்.

ஆனால் அதெல்லாம் ஒரே பவர் கண்ணாடி. கிட்டப் பார்வைக்கு ஒன்று, தூரப் பார்வைக்கு ஒன்று என்று இரண்டும் தேவைப்படுகிறவர் என்ன செய்வார்? மாற்றி மாற்றிப் போட்டு அல்லாட வேண்டியதுதான்.

அப்படி அல்லாடிய ஒருவர், பெஞ்சமின் ஃபிராங்க்ளின். மின்னலைப் பட்டத்தால் சோதித்த அதே ஆசாமி. அமெரிக்காவின் தூதராக பாரிஸ் பக்கத்தில் குடியிருந்தார். வண்டியில் போகும்போது புத்தகமும் படிக்கவேண்டும், வெளியே இயற்கையையும் ரசிக்கவேண்டும். இரண்டு கண்ணாடிகளை மாற்றி அலுத்துப்போனவர், இரண்டையும் பாதியாக வெட்டி, தூரப் பார்வைப் பாதியை மேலே, படிக்கும் பாதியைக் கீழே வைத்து ஒரே ஃபிரேமில் பொருத்திவிட்டார். 1785 மே மாதம் லண்டன் நண்பருக்கு இதைப் படம் போட்டே கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது 79. அவருக்கு முன்பே யாராவது செய்திருக்கலாம் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. இருக்கட்டும். அந்தக் கடிதத்தில் இன்னொரு சுவாரஸ்யம்: சாப்பாட்டு மேஜையில் தட்டும் தெரிகிறது, எதிரே பேசுகிறவரின் முகமும் தெரிகிறது. முகத்தைப் பார்ப்பதால் பிரெஞ்சுப் பேச்சு இன்னும் நன்றாகப் புரிகிறதாம்!

பழனி ஏறுகிறவர்களுக்கு இடும்பனைத் தெரியும். சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளை ஒரு கம்பில் கட்டித் தூக்கி வந்தவன். ஃபிராங்க்ளின் செய்ததும் கிட்டத்தட்ட ஒரு காவடிதான். இரண்டு பார்வை, ஒரே ஃபிரேம். 'பைஃபோகல்' என்ற பெயர் பிற்பாடு, 1820-களில், ஜான் ஐசக் ஹாக்கின்ஸ் வைத்தது. மூன்று பவர் கண்ணாடிக்கும் அவரே முன்னோடி.

காவடி சரி, நடுவில் அந்தக் கோடு? பார்வை கோட்டைத் தாண்டும்போதெல்லாம் உலகம் ஒரு குதி குதிக்கும். போதாக்குறைக்கு, 'வயசாயிடுச்சு' என்று ஊருக்கே அறிவிக்கும். 1907-ல் ஓவன் ஏவ்ஸ் என்ற ஆங்கிலேயர் கோடில்லாத லென்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். கடைக்கு வரவில்லை. அப்பாவின் பைஃபோகல் அவஸ்தையைப் பார்த்த பெர்னார் மைத்தனாஸ் என்ற பிரெஞ்சு இளம் எஞ்சினியர் வருஷக்கணக்கில் உழைத்து, 1959-ல் 'வாரிலக்ஸ்' லென்ஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். மேலிருந்து கீழே பவர் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். கோடே கிடையாது. வெற்றி!

ஆனால் கணிதம் விடவில்லை. 1963-ல் மின்க்விட்ஸ் என்ற ஜெர்மானியர் காகிதத்தில் நிரூபித்தார்: பவரைப் படிப்படியாக மாற்றினால், இரண்டு பக்கமும் மங்கலும் நெளிவும் வந்தே தீரும். எவ்வளவு வேகமாக மாற்றுகிறோமோ, அதைப்போல் இரு மடங்கு வேகத்தில் பக்கவாட்டில் குறை ஏறும். நல்ல டிசைன் அந்தக் குறையை இடம் மாற்றி வைக்கலாம், பரத்திவிடலாம். ஒழிக்க முடியாது. நான் காமர்ஸ் படித்தவன். இது எனக்கு உடனே புரிந்துவிட்டது. பற்று இல்லாமல் வரவு கிடையாது!

அப்படியானால் இந்தக் கண்ணாடி பழகும் என்பது பொய்யா? இல்லை. 1897-ல் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் என்ற அமெரிக்க உளவியலாளர், உலகத்தைத் தலைகீழாகக் காட்டும் கண்ணாடியை எட்டு நாள் போட்டுப் பார்த்தார். ஒரு கண்ணில் கண்ணாடி, இன்னொரு கண்ணுக்குக் கட்டு. முதலில் கையை நீட்டினால் வேறெங்கோ போனது. தடுமாற்றம், குமட்டல். நாளாக ஆகக் கை, கால் எல்லாம் சொன்ன பேச்சு கேட்க ஆரம்பித்தன. தலைகீழ் உலகத்தோடே குடித்தனம் நடத்திய மூளைக்கு, நம் கண்ணாடி எம்மாத்திரம்? பக்கத்தில் பார்க்கக் கண்ணைச் சுழற்றாமல் மூக்கைத் திருப்பு என்று கழுத்து கற்றுக்கொள்ளும். பெரும்பாலோருக்கு ஓரிரு வாரம் போதும்.

படிக்கட்டு மட்டும் விதிவிலக்கு. கண்ணைத் தாழ்த்தினால், கையில் பிடித்த புத்தகத்துக்காகச் செய்த பகுதி வழியாகப் பார்க்கிறோம். படியோ ஒன்றரை மீட்டருக்கு அப்பால். தெளிவு இருக்காது, ஆழமும் பிடிபடாது. 2002-ல் சிட்னியில் ஸ்டீபன் லார்ட் குழுவினர் 63 வயது தாண்டிய 156 பேரை ஒரு வருஷம் கவனித்தார்கள். பைஃபோகல், புரோகிரஸிவ் போன்றவற்றைப் போட்டவர்கள் விழும் வாய்ப்பு, மற்றவர்களைவிட இரண்டு மடங்கு! நிறைய வெளியே நடமாடும் முதியவர்களுக்கு வெளியில் போட தூரப் பார்வைக் கண்ணாடி தனியாகக் கொடுத்தபோது விழுவது குறைந்தது என்று 2010-ல் இன்னொரு ஆய்வு சொன்னது. வீட்டோடு இருப்பவர்களுக்கோ, கண்ணாடியை மாற்றி மாற்றிப் போடுவதே வம்பானது. வெளியே போனபோது அதிகம் விழுந்தார்கள். எல்லோருக்கும் ஒரே மருந்து இல்லை. உங்கள் வீட்டுப் பெரியவர் எந்த ரகம் என்று கண் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். அந்த வயதில் இடுப்பு எலும்பு உடைந்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

போன மாதம் மறுபடியும் பழனி போனேன். கண்ணாடி பழகிவிட்டது. செல்போனும் தெரிகிறது, கோபுரமும் தெரிகிறது. இறங்கும்போது மட்டும் ஒரு கை கம்பியில். மோவாய் நெஞ்சைத் தொடும் அளவுக்குத் தலையைக் குனிந்தேன். லென்ஸின் மேல் பகுதி வழியாக ஒவ்வொரு படியும் பளிச்சென்று தெரிந்தது.

பக்தி முற்றிவிட்டது என்று நினைத்தோ என்னவோ, எதிரே ஏறிவந்த ஓர் அம்மா எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்!