மீந்துபோனதில் ஒரு வண்டிவீடு

டெட்ராய்ட்டில் ஆர்தர் ஷெர்மன் என்று ஒருவர் இருந்தார். கிருமியியல் படித்தவர், மருந்துக் கம்பெனி நடத்தியவர். 1920-களின் கடைசியில் பெண்டாட்டி பிள்ளைகளோடு விடுமுறைக்குக் கிளம்பும்போது, காருக்குப் பின்னால் ஒரு கூடார ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு போனார். ஐந்தே நிமிடத்தில் விரித்துவிடலாம் என்று சொல்லி விற்ற சரக்கு அது. மழை பிடித்துக்கொண்டது. கித்தானோடும் கம்பிகளோடும் அவர் மல்லுக்கட்டி முடிப்பதற்குள் குடும்பமே தொப்பலாக நனைந்துவிட்டது. ஊர் திரும்பியதும் ஒரு தச்சரைப் பிடித்தார். விரிக்கிற வேலையும் மடக்குகிற வேலையும் இல்லாமல், சுவரும் கூரையுமாக ஒரே பெட்டியாகச் செய்யச் சொன்னார். 6 அடி அகலம், 9 அடி நீளம். பிள்ளைகள் அதற்கு ‘கவர்டு வேகன்’ என்று பெயர் வைத்தார்கள். மேற்கே குடியேறப் போனவர்களின் கூண்டு வண்டிக்கு அமெரிக்கர்கள் சொல்லும் பெயர்.

இந்தக் கதையை நான் படித்தது, பணி ஓய்வுக்குப் பிறகு கார் ஷெட்டில் எனக்கே ஒரு வண்டி செய்துகொண்டிருந்த சமயம். 28 வருஷம் கார் பாகங்களில் எடையைக் குறைப்பதுதான் எனக்குச் சம்பளம் வாங்கிக் கொடுத்த வேலை. அதனால் ஷெர்மன் நனைந்ததைவிட, அவருடைய தச்சர் எந்தப் பலகையை எடுத்தார் என்பதில்தான் என் புத்தி போனது.

அது மேசனைட். நம்மூரில் ஹார்ட்போர்டு என்போமே, அந்த வகை. மிசிசிப்பி மாநிலத்தின் லாரல் என்ற ஊரில் 1924-இல் வில்லியம் மேசன் கண்டுபிடித்தது. மர அறுவை மில்களில் மலைபோலக் குவிந்த சிராய்களை என்ன செய்வதென்று யோசித்தவர், அவற்றை நீராவி அழுத்தத்தில் அடைத்துச் சட்டென்று திறந்துவிட்டார். மரம் வெடித்துப் பஞ்சு மாதிரி நாராகியது. அதைச் சூடாக அழுத்தினால் பலகை. சாப்பிடப் போனவர் அழுத்தும் மெஷினில் நீராவியை மூட மறந்து, திரும்பி வந்தபோது கெட்டியான பலகை கிடைத்தது என்றொரு கதையும் உண்டு. கண்டுபிடிப்பாளர்கள் எல்லோருமே இப்படிச் சாப்பாட்டு நேரத்தில் மறந்தவர்களாகவே இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. ஆனால் பலகை மெல்லியது, வளையும், விலை மலிவு. விளிம்பில் தண்ணீர் இறங்கினால் அப்பளமாக உப்பும்.

1930 ஜனவரியில் டெட்ராய்ட் கார் கண்காட்சியில் ஷெர்மன் தன் பெட்டியை நிறுத்தினார். நூறு வண்டிக்கு மேல் விற்றன. விலை 400 டாலர். அன்று புது ஃபோர்டு மாடல் ஏ காரே ஏறக்குறைய 500 டாலர்தான்! பொருளாதாரம் குப்புற விழுந்திருந்த காலத்தில் எல்லோராலும் அதை வாங்க முடியுமா? கண்காட்சியிலும் சாலையிலும் பார்த்துவிட்டுப் போய், வீட்டுக் கொல்லையில் தாமே செய்துகொண்டவர்கள் ஏராளம். பழைய காரின் இருசையும் சக்கரத்தையும் கழற்றி, மேலே மரச்சட்டம் அடித்து, மேசனைட் போர்த்தினார்கள். பாப்புலர் மெக்கானிக்ஸ் போன்ற பத்திரிகைகள் அளவுகளோடு படம் போட்டன. இந்தத் தொழிலின் தாய்வீடு ஃபாக்டரி அல்ல, கொல்லைப்புறம்தான் என்பது என் கட்சி. இன்று பணக்காரர் வண்டியாக மினுங்கும் ஏர்ஸ்ட்ரீம் என்ற அலுமினிய ட்ரெய்லரும் அங்கிருந்து வந்ததே. பத்திரிகை நடத்திக்கொண்டிருந்த வாலி பையாம் ட்ரெய்லர் செய்முறை ஒன்றை அச்சிட, அதை நம்பிச் செய்தவர்கள் சண்டைக்கு வர, சரி என்று அவரே செய்து பார்க்க இறங்கினார். 1931-இல் கம்பெனியானது. அந்த அலுமினியப் பளபளப்பு அவருடையதுமல்ல. லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தாண்டிய விமானத்தைக் கட்டியவர்களில் ஒருவரான ஹாலி பௌலஸ் 1934-இல் செய்த ‘ரோட் சீஃப்’ வண்டியின் வழிவந்தது. அது போதும். மலிவு வண்டியின் கதையில் ஏர்ஸ்ட்ரீமுக்கு இதற்கு மேல் இடம் தருவதாக இல்லை.

போர் வந்தது. பெட்ரோலும் டயரும் ரேஷனுக்குப் போயின, சுற்றுலா நின்றது. போர் முடிந்ததும் மறுபடி மீந்தது: பிளைவுட், ஜீப் சக்கரம், விமானத்துக்கென்று உருட்டிய அலுமினியத் தகடு. இதில் பிறந்ததுதான் டியர்டிராப் என்ற கண்ணீர்த்துளி வண்டி. வடிவம் 1930-களிலேயே இருந்தது. ஆனாலும் மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகை 1947 செப்டம்பரில் வெளியிட்ட வரைபடத்தை இன்றும் ஆட்கள் எடுத்துச் செய்கிறார்கள். 4 அடி அகலம், 8 அடி நீளம் என்ற கணக்கில் பெரிய சாஸ்திரம் ஒன்றுமில்லை. பிளைவுட் பலகை கடையில் வருகிற அளவு அது. வெட்டும் குறைவு, விரயமும் குறைவு. உள்ளே இருவர் படுக்கலாம், நிற்க முடியாது. பின்பக்கக் கதவைத் தூக்கினால் சமையல் மேடை. சமைப்பவர் வெளியே நின்று சமைக்க வேண்டியதுதான். 1956-இல் நெடுஞ்சாலைச் சட்டம் வந்து சாலைகள் அகல, கார்களும் பெருத்தன, ட்ரெய்லர்களும் பெருத்தன. கண்ணீர்த்துளி காய்ந்தது.

நான் செய்தது பிளைவுட்டில் அல்ல, நுரைப்பலகையில். தெர்மோகோலுக்கு ஓர் அண்ணன் உண்டு. மணிமணியாக உதிராது, கெட்டி, தண்ணீர் குடிக்காது. ஸ்வீடன்காரர் கார்ல் மண்டர்ஸ் முதலில் கண்ட சங்கதி. டௌ கெமிக்கல் அதை வளர்த்தெடுத்த மிட்லண்ட், மிச்சிகனில் என் வீட்டிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரம். 1942-இல் அமெரிக்கக் கடலோரக் காவல் படை இதை ஆறு பேர் ஏறும் உயிர்காப்பு மிதவைக்கு எடுத்துக்கொண்டது. பிறகு குளிர்நாட்டு வீடுகளின் சுவருக்குள் போய் ஒளிந்துகொண்டது. 2 அங்குல கனத்தில் ஒரு பலகை 4 கிலோதான். அதே நீள அகலத்தில் அரை அங்குல பிளைவுட்டைத் தூக்கினால் முதுகு கணக்குச் சொல்லும்.

செய்முறை எளிது. நுரையை வெட்டி ஒட்டி, முள்ளு உருளையால் மேலே பொத்தல் போட்டு, மரப்பசையைத் தடவி, வீட்டுக்கு வெள்ளையடிப்பவர்கள் தரையில் விரிக்கும் கித்தானைப் போர்த்தி, மேலே மறுபடி பசை, பிறகு வெளிச்சுவர் பெயிண்ட். காய்ந்தால் பறை மாதிரி விறைக்கும். எளிது என்று நினைத்ததால்தான் முதல் பலகையிலேயே, அவசரத்துக்கு, செருப்புத் தைப்பவர்கள் போடுகிற ரப்பர் பசையை ஊற்றினேன். கண்ணெதிரே நுரை கரைந்து, தட்டு அளவுக்கு ஒரு பள்ளம். பிளாஸ்டிக்கோடு பிழைப்பு நடத்தியவன் நான். மனைவியிடம் எலி கடித்தது என்றேன். நம்பவில்லை.

செய்து முடித்தபின் எடை 230 கிலோ. காரில் மாட்டும் கொக்கியின்மேல் இதில் பத்தில் ஒரு பங்காவது உட்கார வேண்டும். குளியலறை எடை மெஷினை வைத்துப் பார்த்தால் 11 கிலோ காட்டியது. பின்னால் அடுப்பு, ஐஸ் பெட்டி, தண்ணீர் கேன். அப்படியே ஓட்டியிருந்தால் வேகம் எடுத்ததும் வண்டி வாலாட்டி, காரையும் சேர்த்து இழுத்திருக்கும். இதை எங்கள் தாத்தா ஒரே சொல்லில் முடித்திருப்பார்: பின்பாரம். லால்குடி பக்கத்துக் கிராமத்திலிருந்து சமயபுரம் சித்திரைத் தேருக்கு அவர் கூண்டு வண்டியில் போவோம். மூங்கில் வளைத்துப் பாய் கட்டிய கூண்டு, உள்ளே வைக்கோல், மேலே ஜமுக்காளம். ராத்திரி தங்கல் வாய்க்கால் கரையில். பின்பாரமானால் நுகத்தடி மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரமானால் கழுத்தில் ஏறி அழுத்தும். தாத்தா ஏறி உட்கார்ந்து நுகத்தைக் கையால் ஒருமுறை தூக்கிப் பார்ப்பார். “தம்பி, நீ கொஞ்சம் முன்னால வாடா” என்பார். ஏழு வயதில் நான்தான் அந்த வண்டியின் எடைக்கல். என் வண்டியில் தண்ணீர் கேனையும் பேட்டரியையும் முன்னால் நகர்த்தினேன். மெஷின் 27 காட்டியது.

அக்டோபரில் ஹியூரான் ஏரிக்கரைக்கு முதல் பயணம். வானம் துடைத்த மாதிரி இருந்தது. நட்சத்திரம் பார்க்கவென்று கூரையில் ஓர் அக்ரிலிக் தகடு பதித்திருந்தேன். குளிருக்கு எல்லாவற்றையும் இறுகச் சாத்திக்கொண்டு படுத்தோம். விடிகாலை மூன்று மணி இருக்கும்.

“ஏங்க, மூஞ்சியில தண்ணி சொட்டுது.”

“மழையே இல்லியே.”

டார்ச் அடித்துப் பார்த்தேன். ராத்திரி முழுக்க இரண்டு பேர் விட்ட மூச்சு, அக்ரிலிக்கில் முத்து முத்தாகக் கோத்து நின்றது. ஷெர்மன் வெளியிலிருந்து வந்த தண்ணீரில் நனைந்தார், நாங்கள் உள்ளே இருந்ததில். விரிப்பு, தலையணை, என் சட்டை எல்லாம் ஈரம். மீதி ராத்திரி காரின் முன் இருக்கைகளில் கழிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அந்தத் தகட்டைப் பெயர்த்துவிட்டு, 14 அங்குலச் சதுரத்தில் திறந்து மூடுகிற மூடி ஒன்று வைத்தேன். கித்தான் ஓரத்துக்கு இன்னும் ஒரு கை பெயிண்ட் பாக்கியிருக்கிறது.