யூசுபு நபி வரலாறும் தமிழ்க் கிஸ்ஸாவும்

“யூசுபு நபியின் சரித்திரம் காதற்கதைதானே?” என்று, பிரிக்பீல்ட்சில் கூடியிருந்த தமிழாசிரியர்களிடையே நண்பர் ஒருவர் வினவினார். தமிழ்க் காப்பியங்கள் வழியே அதனை அறிந்தோர்க்கு அவ்வாறு தோன்றுதல் இயல்பே. மூலமோ வேறு கூறுகிறது.

திருக்குர்ஆனின் 12-ஆம் அத்தியாயமாகிய ‘யூசுப்’ 111 வசனங்களை உடையது. ஏனைய நபிமார் வரலாறுகள் பல அத்தியாயங்களில் விரவிக் கிடக்க, இஃதொன்று ஓரிடத்திலேயே தொடர்ச்சியாகச் சொல்லப்படுகிறது. எகிப்து நாட்டுப் பிரபுவின் மனைவி கொண்ட மோகம் 23 முதல் 34 வரையுள்ள வசனங்களிலும், அவள் தன் பிழையை ஒப்புதல் 51-ஆம் வசனத்திலும் வருகின்றன. ‘ஜுலைகா’ என்னும் பெயர் குர்ஆனில் ஓரிடத்தும் இல்லை! அப்பெயரும் காதற்சுவையும் பிற்கால விரிவுரைகளிலும் பாரசீகக் காப்பியங்களிலும் வளர்ந்தவை. 1483-ல் ஜாமி இயற்றியது அவற்றுள் புகழ்பெற்றது.

அரபியில் ‘கிஸ்ஸா’ என்றால் கதை. 18-ஆம் நூற்றாண்டில் மதாறு சாகிபுப் புலவர் ‘யூசுபு நபி கிஸ்ஸா’ பாடினார். 20-ஆம் நூற்றாண்டில் சாரண பாஸ்கரனார் தம் காப்பியத்துக்கு ‘யூசுப் ஜுலைகா’ என்றே பெயரிட்டார். புலவர்களைக் குறைகூறுவதற்கில்லை; காப்பியமெனில் தலைவி வேண்டுமன்றோ?

மூலத்தின் உயிர்நிலை உடன்பிறந்தாரிடத்தே உள்ளது. பொறாமையால் தம்பியைக் கிணற்றில் இட்ட அண்ணன்மார், பஞ்சத்தில் தானியம் நாடி அவர் முன்னரே வந்து நிற்கின்றனர். 92-ஆம் வசனத்தில், பழிச்சொல் ஒன்றுமின்றி அவர் மன்னிக்கிறார். இவ்வத்தியாயம், நபிகள் நாயகம் தம் சொந்தக் குறைசிக் குலத்தாரால் துன்புற்ற மக்கா நாளில் அருளப்பட்டது. 630-ல் மக்காவை வென்றபோது, யூசுபின் சொல்லையே அவர் அக்குலத்தார்க்குக் கூறினார் என்பது மரபுவழிச் செய்தி. காதற்கதையாக மட்டும் படிப்போர் இத்தொடர்பினை இழக்கின்றனர்.

ஏழாண்டு விளைச்சலைக் கதிரோடு சேமிக்கச் சொல்லும் 47-ஆம் வசனத்தை நன்னெறிப் பாடத்தில் சொன்னேன். கதிர் என்றால் என்னவென்று செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளக்குவதிலேயே பாடவேளை கழிந்தது! 1942 முதல் 1945 வரை, ஜப்பானியர் காலத்தில் மரவள்ளிக்கிழங்குண்டு பிழைத்தோரின் கொள்ளுப்பேரர்கள் அவர்கள்.

அரபி அறியாத நம்மனோர் மூலக்கருத்தைத் தமிழில் ஒப்புநோக்க வழிசெய்தவர் ஆ. கா. அப்துல் ஹமீது பாகவி. அவர்தம் மொழிபெயர்ப்பின் முதற்பகுதி 1929-ல் வெளிவந்தது. வினா எழுப்பிய நண்பர் என் படியை இரவல் வாங்கிச் சென்றார். இன்னும் திருப்பித் தரவில்லை.