பாதை விலகிய கல்லறை

1862-இல் இயற்றப்பட்ட குடியிருப்பு நிலச் சட்டம், அமெரிக்காவில் ஐந்தாண்டுகள் தங்கிப் பயிரிடுவோர்க்கு 160 ஏக்கர் நிலம் வழங்கியது. பின்னர் நெப்ராஸ்காப் புல்வெளியை நாடி ஐரோப்பியர் பலர் வந்தனர். 1883-இல் ஒன்பது வயதுச் சிறுமியாக அங்குக் குடிபுகுந்த வில்லா கேதர், அம்மக்களின் வாழ்வை 1918-இல் ‘மை அன்டோனியா’ என்னும் புதினமாக வடித்தார்.

அதில் வரும் பொகீமிய நாட்டு ஷிமெர்டா, தாயகத்தில் பிடில் வாசித்து மகிழ்ந்தவர். புதிய மண்ணில் அதனைத் தொடவும் மனமில்லாதவர். ஊர் ஏக்கம் முற்றி, முதற் பனிக்காலத்திலேயே தம் உயிரை மாய்த்துக்கொள்கிறார். நார்வேயர் தம் இடுகாட்டில் இடந்தர மறுக்கின்றனர். குடும்பத்தார் தம் நிலத்தின் மூலையில், பின்னாளில் இரு பாதைகள் சந்திக்கவிருந்த இடத்தில், அவரைப் புதைக்கின்றனர்.

ஆண்டுகள் கழிந்து பாதைகள் வருகின்றன. ஆயினும் கல்லறையை மிதியாமல் வளைந்து செல்கின்றன. மகள் அன்டோனியா அம்மண்ணிலேயே வேரூன்றுகிறாள். பகலெல்லாம் வயலில் உழைத்தும், இரவில் நீர் சுமந்து பழமரங்களை வளர்க்கிறாள்.

வந்த ஊரில் உரிமை என்பது பத்திரத்தால் மட்டும் வருவதன்று. முன்னோரைப் புதைத்த இடமும் தாம் வளர்த்த மரமும் சேர்ந்தே அதனைத் தருகின்றன. ஆயின் அதற்குரிய விலையை முதல் தலைமுறையே செலுத்துகிறது. பிற மாநிலங்களில் வாழும் நாம், நம்மை நம்பி உடன்வந்த முதியோரின் மௌனத்தைக் காலத்தே செவிமடுப்போமாக.