லயன் வாசலில் குப்பைத் தொட்டி: எது உள்ளே, எது வெளியே?

பழைய மெத்தைகள், கம்பளங்கள் என்ற பெயரில் 2017க்கும் 2019க்கும் இடையில் பிரித்தானியாவிலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த 263 கொள்கலன்களில் மருத்துவமனைக் கழிவுகளும் கலந்திருந்ததாகச் சுங்கத் திணைக்களம் வெளிப்படுத்தியபோது பெரும் சர்ச்சை மூண்டது. நீதிமன்றம் வரை சென்ற அவ்விவகாரம், இறுதித் தொகுதி 2022 பெப்ரவரியில் திருப்பியனுப்பப்பட்டதோடு முடிவுற்றது. ஒரு பெட்டிக்குள் போகத்தக்கது எது, போகத்தகாதது எது என்ற கேள்வி அற்பமானதன்று என்பதற்கு அது சான்று. அதே கேள்வி நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டங்களின் லயன் வாசல்களிலும் நாள்தோறும் எழுகின்றது. அங்கே கேட்பாரும் குறைவு. பதில் சொல்வாரும் குறைவு.

தொட்டிக்குள் போகத்தக்கவற்றை முதலில் நோக்குவோம். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் நிறக் குறியீட்டின்படி உக்கக்கூடிய உணவு, மரக்கறிக் கழிவுகள் பச்சைக்கும், கடதாசி நீலத்துக்கும், பிளாஸ்டிக்கும் பொலித்தீனும் செம்மஞ்சளுக்கும், கண்ணாடி சிவப்புக்கும், உலோகமும் சிரட்டையும் கபிலத்துக்கும் உரியவை. ஐந்து தொட்டிகள் இல்லாத வீட்டில் ஐந்து பழைய உரப்பைகளே போதுமானவை. எனினும் உக்கக்கூடியதைத் தொட்டிக்குக் கொடுக்காதிருப்பதே சிறந்தது. கரட், லீக்ஸ், கிழங்கு பயிரிடும் மண்ணுக்கு அது பசளையாகும். வெளியே கொட்டினாலோ நாய்கள் கூடும். நாயைத் தேடிச் சிறுத்தை வருவதும் தோட்டங்களுக்குப் புதிதன்று.

போகத்தகாதவையே அதிக கவனத்துக்குரியவை. விறகடுப்பின் சாம்பல் தணலோடு தொட்டியில் விழுந்தால் தீப்பற்றும். ஆறவிட்டுப் பசளைக் குழியில் சேர்ப்பதே முறை. நீரிழிவு நோயாளர் பயன்படுத்தும் ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் போத்தலில் இட்டு மூடி, ஆஸ்பத்திரியில் விசாரித்து ஒப்படைக்க வேண்டும். குப்பை அள்ளும் தொழிலாளியின் வெறுங்கையில் அது தைத்தால் வரும் நோய்க்கு யார் பொறுப்பு? உடைந்த கண்ணாடியையும் தனியே சுற்றி அடையாளமிட்டே கொடுக்க வேண்டும். சீ.எப்.எல். மின்குமிழ்களிலும் குழல் விளக்குகளிலும் பாதரசம் உண்டு. அவற்றையும் பற்றரிகள், பழைய கைத்தொலைபேசிகள் ஆகியவற்றையும் மின்னணுக் கழிவு சேகரிக்கப்படும் நாள்வரை உடையாமல் வைத்திருப்பது அவசியம்.

தோட்டங்களுக்கே உரிய ஆபத்து களைகொல்லி, பூச்சிகொல்லிக் கலன்களாகும். அவற்றை மும்முறை கழுவி, அந்நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றி, கலனைத் துளையிட்டு, தோட்டத்துக் களஞ்சியத்துக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். தண்ணீர் சேமிக்க அக்கலனைப் பயன்படுத்துவது நஞ்சைச் சேமிப்பதற்கு ஒப்பாகும். தீபாவளிக்கு ஆடு அறுப்போரும், உழ்ஹிய்யா நிறைவேற்றுவோரும் குடலையும் எலும்பையும் தொட்டியில் இடாது, ஊற்றுக்கும் பீலிக்கும் தொலைவில் ஆழமாகப் புதைக்க வேண்டும். வீடு திருத்துகையில் சேரும் இடிபாடுகளுக்கு உள்ளூராட்சி மன்றத்திடம் வேறு ஏற்பாடு கோருவதே முறை.

எரித்துவிட்டால் தொல்லை தீரும் என்று கருதுவோரும் உளர். குப்பையையும் பிளாஸ்டிக்கையும் திறந்த வெளியில் எரிப்பது 2017 செப்டெம்பரில் வெளியான வர்த்தமானி அறிவித்தலால் தடைசெய்யப்பட்டது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்போர் ஒரே கூரையின் கீழ் வாழும் அடுத்த காம்பிராவின் குழந்தைகளே.

மலைச்சரிவில் கொட்டுவது இதனினும் கொடிது. பொகவந்தலாவையில் கெஹெல்கமு ஓயாவில் வீசப்படுவது காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கும், மஸ்கெலியாவில் வீசப்படுவது மவுஸ்ஸாக்கலைக்கும் செல்கின்றது. அவ்விரு ஆறுகளும் கூடியே களனி கங்கையாகிக் கொழும்புக்குக் குடிநீராகின்றன. தேயிலை மலையின் கான்கள் குப்பையால் அடைபட்டால் மழைநீர் வழிமாறி மண்ணுக்குள் இறங்கும். கீழே இருப்பது லயன். 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின்போது மலையகத்தில் நிகழ்ந்த மண்சரிவுகளைக் கண்டபின்பும் கான்களை அலட்சியப்படுத்துவது தகாது.

ஆயினும் இப்பட்டியலை மக்களின் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்குவது நேர்மையாகாது. நகரங்களில் சபையின் உழவு இயந்திரம் வீதியில் வருகின்றது. தோட்டத்திலோ, அது கம்பனியின் பொறுப்பென்று சபையும், சபையின் பொறுப்பென்று நிர்வாகமும் சொல்லும் நிலை நெடுங்காலம் நீடித்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களில் சபை நிதியைச் செலவிடத் தடையாகக் காட்டப்பட்டது. 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. நுவரெலியா, அம்பகமுவ என்றிருந்த இரு பெரும் சபைகளும் ஆறாகப் பிரிக்கப்பட்டன. ஆகவே சட்டத்தைக் காட்டித் தப்பிக்கும் வழி இனி இல்லை.

பொருள் வாங்கும்போது தோட்டத் தொழிலாளியும் நகரவாசியைப் போலவே வரி செலுத்துகின்றார். வாரத்தில் ஒரு நாளேனும் லயனுக்கு வண்டி வருவதும், பிரித்து வைத்ததை ஒன்றாய்க் கொட்டாது பிரித்தே எடுத்துச் செல்வதும், அள்ளுவோருக்குக் கையுறையும் சப்பாத்தும் வழங்கப்படுவதும் சலுகைகளல்ல, உரிமைகள். எதைத் தொட்டியில் போடலாம் என்று மக்களுக்குக் கற்பிக்க வருவோர், முதலில் அந்தத் தொட்டியை லயன் வாசலில் வைக்கட்டும்.